காற்றாலை அஸ்திவாரம்: பதித்த வளையமா, போல்ட் கூண்டா?

காற்றாலை அஸ்திவாரம் என்றதும் எத்தனை லோடு கான்கிரீட், எத்தனை டன் கம்பி என்றுதான் பேச்சு ஓடும். பெரிய டர்பைனுக்கு 15 முதல் 25 மீட்டர் விட்டத்தில் வட்ட அடித்தளமும் பல நூறு கன மீட்டர் கான்கிரீட்டும் தேவைதான். ஆனால் தலைவலி கிளம்புவது பெரும்பாலும் கோபுரமும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில்.

பழைய முறையில், கோபுரத்தின் அடித்துண்டு போன்ற எஃகு வளையத்தைக் கான்கிரீட்டுக்குள் பதித்துவிடுவார்கள். வேலை சுலபம். வளையத்தை லெவல் பார்த்து நிறுத்தி, துளைகள் வழியே கம்பி கோத்து, கான்கிரீட் ஊற்றினால் முடிந்தது. சிக்கல் பிறகுதான். காற்று தள்ளும்போது வளையத்தின் ஒரு பக்கம் அழுந்தும், எதிர்ப்பக்கம் மேலே இழுபடும். டர்பைனின் ஆயுளில் இது கோடிக்கணக்கான முறை நடக்கும். வழுவழுப்பான எஃகிலிருந்து கான்கிரீட்டின் பிடிப்பு விட்டுப்போய் மயிரிழை இடைவெளி விழும். அதில் மழைநீர் இறங்கினால், வளையம் அசைய அசைய அரைபட்ட சிமென்ட் சாம்பல் நிறச் சேறாக மேலே கசியும். வளையத்தின் ஓரம் அந்தக் கறை தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரெசின் செலுத்தி அடைக்கலாம். ஆனால் கான்கிரீட்டுக்குள் புதைந்த அடி ஃபிளாஞ்சை (வளையத்தின் அகன்ற விளிம்பை) சுற்றி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

போல்ட் கூண்டில் மேலும் கீழும் வளையத் தட்டுகள், நடுவே இரண்டு வரிசையாக நீண்ட உயர்வலு போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் உறை உண்டு. கான்கிரீட் போல்ட்டில் ஒட்டாது. இந்த முறையின் உயிரே அதுதான். ஹைட்ராலிக் ஜாக்கியால் இழுத்து இறுக்கும்போது போல்ட் நீள வாக்கில் இழுபட்டு, இடையிலுள்ள கான்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கிறது. காற்று எப்பக்கம் இழுத்தாலும் அந்த அழுத்தம் கொஞ்சம் குறையுமே தவிர, இணைப்பு திறக்காது.

கவனம் இதற்கும் வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போது கூண்டு சாயக்கூடாது. கோபுரத்தின் ஃபிளாஞ்சுக்கு அடியில் ஊற்றும் கிரவுட்டில் (இடைவெளியை நிரப்பும் வலுவான கலவையில்) காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடம் நொறுங்கும். கிரவுட் வலுவேறும் முன் முழு விசைக்கு இறுக்குவது ஆபத்து. இறுக்கியதும் நாளடைவில் கொஞ்சம் தளரும், மறுபடி சோதித்தாக வேண்டும்.

ஒரே மூச்சில் ஊற்றுவதும், உள்ளே ஏறும் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதும் இரண்டுக்கும் பொது.

புதிய வேலைக்கு நான் தயங்காமல் கூண்டைத்தான் சொல்வேன். தளர்ந்த போல்ட்டை மறுபடி இறுக்கலாம், பழுதானால் பல வடிவமைப்புகளில் கழற்றி மாற்றவும் முடியும். ஏற்கெனவே வளையம் பதித்த டர்பைன் கையில் இருந்தால், மழைக்காலத்துக்கு முன் ஓரத்து நீர்த்தடுப்பு சீலண்டைப் புதுப்பித்து, வளையத்தின் அசைவை அளந்து எழுதி வையுங்கள்.