13 வயது என்று விற்கப்பட்ட குதிரையின் வாயில் 25 வயது: ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும்

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "பெட்டைக் குதிரை, 13 வயது. பரம சாது, குழந்தைகளும் ஏறலாம். கொஞ்சம் மெலிவு, நல்ல தீனி போட்டால் தேறிவிடும்." வண்டியிலிருந்து இறங்கியது வேறு குதிரை என்றே சொல்லலாம். வாயைத் திறந்து பார்த்த மருத்துவர் 25க்குக் குறையாது என்றார். கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை, மேலே ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்க ஆரம்பித்தது. விற்றவரைக் கேட்டால், "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்கிறார். குதிரை குப்புறத் தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். பாவம், இங்கே குழி பறித்தது குதிரை இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வயதான குதிரையை விற்பதில் தப்பில்லை. குதிரைகள் சாதாரணமாக 25, 30 வருடம் வாழும். இங்கிலாந்தில் 1822இல் இறந்த ஓல்ட் பில்லி என்ற குதிரை 62 வருடம் இருந்ததாகப் பதிவு உண்டு. பல்லும் காலும் நன்றாக இருந்தால் 22 வயதுக் குதிரை சிறுவர்களைச் சுமந்து நிதானமாக நடக்கும், பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது. விற்றவர் மறைத்தது வயதை மட்டும் என்றால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. இனி தினமும் அந்தக் குதிரைக்கு என்ன செய்ய வேண்டியிருக்கும், அது எவ்வளவு நாள் ஓடும், கடைசி முடிவை யார் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து மறைத்தார். தன் தலையில் இருந்த பாரத்தை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாத ஒருவர் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. முன்பக்கம் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். நடுவில் உள்ள ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் நிரந்தரப் பல்லாக முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதுவரை வயதைத் துல்லியமாகச் சொல்லலாம். பிறகு கீழ்ப்பற்களின் மேல்பரப்பில் உள்ள குழிகள் தேய்ந்து மறையும்: நடு ஜோடியில் 6 வயதுவாக்கில், அடுத்ததில் 7, ஓரத்தில் 8.

பத்துக்கு மேல் பார்க்க வேண்டிய இடம் மேல் ஓரப் பல். அதன் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் பழுப்பு நிறக் கோடு ஒன்று இறங்கும், கால்வேன் கோடு என்று பெயர். ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் எட்டிப்பார்க்கும், 15இல் பாதிப் பல் வரை வரும், 20இல் முழு நீளமும் இருக்கும். அதன் பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி, 25இல் ஈறுப்பக்கப் பாதி வெறுமையாகிவிடும், 30இல் கோடே இருக்காது. அந்தப் பெட்டையின் பல்லில் கோடு கீழ்ப்பாதியில் மட்டும்தான் இருந்தது. இந்தக் கணக்கு முன்னே பின்னே சில வருடம் தவறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 13 என்றவர் குதிரைக்கு 16 என்று தெரிந்தால் அவரை மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டோம். 13 எப்படியும் 25 ஆகாது.

கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். பல்லின் மேல்பரப்பு இளமையில் அகலமான முட்டை வடிவத்திலும், பிறகு வட்டமாகவும், வயதாக ஆக முக்கோணமாகவும் மாறும். பக்கவாட்டில் பார்த்தால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இளங்குதிரையில் ஏறக்குறைய செங்குத்தாகச் சந்திக்கும், கிழக்குதிரையில் முன்னால் நீட்டிக்கொண்டு கூர்ந்து சந்திக்கும். தேய்ந்த பல்லில் துளையிட்டுச் சுட்டுக் கருப்பாக்கி இளம்பல்லின் குழி மாதிரி காட்டும் பழைய வித்தை ஒன்று உண்டு. இயற்கையான குழியைச் சுற்றி வெள்ளை எனாமல் வளையம் இருக்கும், சுட்ட குழிக்கு அது இருக்காது. குழியைப் போலியாகச் செய்யலாம், பல்லின் சாய்வை மாற்ற முடியாது.

மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) ஆவணமும் இருந்தால் ஸ்கேனர் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். சிப் பொருத்திய தேதி குறைந்தபட்ச வயதைச் சொல்லும், பிறந்த தேதியைச் சொல்லாது. எட்டு வயதில் சிப் போட்ட குதிரையை அந்தத் தேதியில் பிறந்ததாகக் காட்டுபவர்களும் உண்டு.

வயதைவிட முக்கியம் மெல்ல முடிகிறதா என்பது. குதிரைக்குக் கடைவாய்ப் பற்கள் 24. அவை ஆயுள் முழுக்க வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்தபடி தேய்ந்துகொண்டே இருக்கும். தாடைக்குள் இருக்கும் இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான், பிறகு காய்ந்த புல்லை அரைக்க எதுவும் இல்லை. குதிரை பார்க்கப் போகும்போது ஒரு கட்டு நீளமான காய்ந்த புல்லை நீங்களே கொண்டு போய்ப் போட்டு, இருபது நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். பல் கெட்ட குதிரை ஆவலாகத்தான் வாயில் எடுக்கும். தலையை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்து மெல்லும். கொஞ்ச நேரத்தில், சுருட்டு மாதிரி உருண்ட, எச்சில் நனைந்த புல் திரள் ஒன்று வாயோரத்திலிருந்து கீழே விழும். அதை எடுத்துப் பிரித்துப் பாருங்கள், புல் புல்லாகவே இருக்கும். சாணத்தில் விரல் நீள நார்கள் அப்படியே கிடந்தாலும் அதே கதைதான். விற்பவர் ஊறவைத்த கூழைத் தொட்டியில் ஊற்றி "பாருங்கள், எப்படிச் சாப்பிடுகிறது!" என்று காட்டினால் அது சோதனையே இல்லை.

"கொஞ்சம் மெலிவு" என்பதைக் கண்ணால் அளக்காதீர்கள். நீண்ட முடி விலாவை மறைக்கும், நார்த்தீனி நிறைந்த தொந்தி எலும்பை மறைக்கும். கையால் தடவுங்கள். 1983இல் அமெரிக்காவில் டான் ஹென்னகி என்ற ஆய்வாளர் உருவாக்கிய 1 முதல் 9 வரையிலான அளவுகோல்தான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. கழுத்து, முன்தோள் மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி என்று ஆறு இடங்களில் கொழுப்பைத் தடவிப் பார்த்து மதிப்பெண் தருவார்கள். 5 நல்ல நிலை, 1 எலும்பும் தோலும். அந்தப் பெட்டைக்குக் கிடைத்தது 2. எடை மேடை இல்லாவிட்டால் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரையான நீளத்தாலும் பெருக்கி 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவுகள் சென்டிமீட்டரில். 152 சுற்றளவு, 150 நீளம் என்றால் சுமார் 292 கிலோ. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 292க்கு அது 58 கிலோ, அதுவும் சதைப்பிடிப்பான, காலில் வலி இல்லாத குதிரைக்கு. முதுகில் சதையே இல்லாத குதிரையில் சேணம் போடவே கூடாது.

கோடையிலும் உதிராத, சுருண்ட நீள முடி, குழிந்த முதுகு, தொங்கும் வயிறு, அளவுக்கு மீறிய தாகம் எல்லாம் சேர்ந்திருந்தால் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். வயதான குதிரைகளில் இது அபூர்வமில்லை. ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும், உறுதியானால் பெர்கோலைடு மருந்து ஆயுள் முழுக்க. கவனிக்காமல் விட்டால் குளம்பு அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகலாம். விற்பதற்கு இரண்டு நாள் முன்பு மொத்த முடியையும் மழித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். குளம்புச் சுவரில் உள்ள வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தால் குளம்பு அழற்சி ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருக்கிறது.

அடுத்தது "சாது". பசியிலும் வலியிலும் இருக்கும் குதிரைக்குத் துள்ளத் தெம்பு ஏது? தலையைத் தொங்கப் போட்டு நிற்பதைச் சாந்தம் என்று விற்கிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காகத் தீனி உள்ளே போனபின் அதே குதிரை உதைக்கலாம், ஏறுபவரைக் கீழே தள்ளலாம். குழந்தைக்கென்று வாங்கியவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மயக்க மருந்து கொடுத்தும் காட்டுவார்கள். கீழுதடு தொங்குவது, கண்ணின் உள்மூலையில் மூன்றாம் இமை எட்டிப்பார்ப்பது, திரும்பும்போது பின்னங்கால் தடுமாறுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

நொண்டலை மறைக்க ஃபினைல்பியூட்டாசோன் என்ற வலிநிவாரணி. முந்தின நாள் தீனியில் கலந்துவிட்டால் மறுநாள் குதிரை நேராக நடக்கும். அதன் வலிநிவாரணம் ஒரு நாள் போலத் தாங்கும், தொடர்ந்து கொடுத்திருந்தால் நின்றபின்னும் சற்று நீளும். மூன்றாம் நாள் நொண்டியதன் காரணம் அனேகமாக இதுதான். நாங்கள் ஏன் 'அனேகமாக' என்கிறோம் தெரியுமா? வாங்கிய அன்று ரத்தம் எடுத்து வைக்கவில்லை. பார்க்கப் போகும் அன்றே மருத்துவர் ரத்தம் எடுத்து முத்திரையிட்டு வைத்தால், பிறகு பிரச்சினை வந்தால் மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ரத்தம் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னாலே சில விற்பனைகள் தானாக நின்றுவிடும்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். லாயத்திலிருந்து வரும் முதல் பத்து அடியைப் பாருங்கள். மூட்டு இறுகிய குதிரையை முன்கூட்டியே நடக்கவிட்டுச் சூடேற்றி வைத்திருப்பார்கள், முதுகில் சேணம் படும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டால் தெரிந்துவிடும். கடினமான தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நேராக ஓடவிடச் சொல்லுங்கள். நோகும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். குதிகாலுக்கு மேலே இருபுறமும் சிறு தழும்பு இருந்து, பேனா முனையால் அழுத்தினாலும் உணர்ச்சி இல்லையென்றால், வலி தெரியாமல் இருக்க நரம்பையே வெட்டியிருக்கிறார்கள்.

நேர்மையான விற்பனை எப்படி இருக்கும்? "பல்லைப் பார்த்தால் 24, 25. காய்ந்த புல் முடியாது, ஒரு நாளைக்கு நாலு வேளை ஊறவைத்த தீனி. இந்த மருந்து, இந்த அளவு. கடைசியாக நொண்டியது இன்ன தேதியில். இனி சவாரி வேண்டாம், இன்னொரு குதிரைக்குத் துணையாக மட்டும். உங்களால் முடியவில்லை என்றால் எனக்கே திருப்பித் தாருங்கள்." இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவரிடம் தாராளமாக வாங்கலாம். "என்னால் தீனி போட முடியவில்லை" என்பவரையும் மதிக்கலாம். மருத்துவரை வைத்து வலியில்லாமல் முடித்துவைக்கவும் ஒரு வழி இருக்கிறது. அதற்குச் செலவு உண்டு, உடலை ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும், அதற்குப் போடும் பென்டோபார்பிட்டால் மருந்து ஏறிய உடலை நாயோ கழுகோ தின்றால் அவையும் சாகும். அந்தச் செலவையும் அந்த ஒரு நாளையும் தட்டிக்கழிக்கத்தான் பலர் குதிரையைச் "சாது" ஆக்கி விற்கிறார்கள். கை மாற மாற விலை குறையும், கடைசி ஆள் கிலோ கணக்கில் வாங்குவார். ஃபினைல்பியூட்டாசோன் கொடுத்த குதிரையின் இறைச்சியை மனிதர்கள் உண்ணக் கூடாது என்பதை அப்போது யார் சொல்லப் போகிறார்கள்?

ஏற்கெனவே வாங்கி, எலும்பும் தோலுமான குதிரை உங்கள் லாயத்தில் நிற்கிறது என்றால், இரக்கப்பட்டு, தானியமும் கொள்ளும் கொட்டிவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடலில் மாவுச்சத்து திடீரென்று ஏறினால் இன்சுலின் எகிறி, பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் போய்விடும். மூன்று முதல் ஐந்து நாளில் இதயம் நிற்கலாம். முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், அரைக் கிலோவுக்கும் குறைவாக இலை நிறைந்த குதிரை மசால் (அல்ஃபால்ஃபா தீவனம்) மட்டும். நான்காம் நாளிலிருந்து அளவை மெல்லக் கூட்டி வேளைகளைக் குறைக்கலாம், பத்து நாளுக்குப் பிறகு வேண்டிய அளவு தின்னவிடலாம். பல் இல்லாததற்கு அதையே வில்லையாக வாங்கி, ஒரு கிலோவுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கைக்குக் கூழாகும்வரை ஊறவையுங்கள், அரைகுறையாக ஊறினால் தொண்டைக்குழாயில் அடைக்கும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். குடற்புழு மருந்தை முதல் நாளே கொடுக்காமல், சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்த்து மருத்துவர் சொல்லும்போது கொடுங்கள்.

நாடாவை வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஆள் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். மெலிவு முழுதும் தேற ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். எட்டு வாரத்தில் நாடா நகரவே இல்லை என்றால் தீனியைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. சிறுநீரகம், கல்லீரல், பிட்யூட்டரி மூன்றுக்கும் ரத்தம் எடுத்துவிட்டு, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.