மச்சானின் பிரவுனிங், மருமகனின் பத்து மீட்டர்

போன பொங்கலுக்குப் பாண்டி வந்திருந்த மச்சான், சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஒரு படம் காட்டினார். ஆரஞ்சு ஜாக்கெட், பின்னால் பனி படிந்த காடு, கையில் பிரவுனிங் பார் ரைபிள். அவருடைய அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பிள்ளைகள் எல்லோரும் பிரான்ஸிலேயே தங்கிவிட்டார்கள். மச்சான் ஐந்தாறு வருடமாக வேட்டை பர்மிட் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்து படத்தை எட்டிப் பார்த்தவன் என் அக்கா மகன். கல்லூரியில் இரண்டாம் வருடம், என்.சி.சி. வேறு. அன்றிலிருந்து ஒரே பாட்டு: "மாமா, ரேஞ்சுக்கும் ஆகணும், காட்டுக்கும் ஆகணும். அந்த மாதிரி ஒரு செமி ஆட்டோமேட்டிக் நாமளும் வாங்கிக்கலாமா?"

வாங்க முடியாது என்பது அப்புறம் வரும் விஷயம். முதலில் மச்சானிடமே கேட்டேன், அந்த ஒரே ரைபிள் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், குறி பார்ப்பது, காட்டில் வேட்டை என்ற இரண்டு வேலையையும் செய்கிறதா என்று.

பிரவுனிங் பார் 1967-ல் வந்த டிசைன். தோட்டா வெடித்ததும் குழலுக்குள் கிளம்பும் வாயுவில் கொஞ்சத்தைப் பிரித்து, அந்த அழுத்தத்தாலேயே காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். அதனால் தோளில் விழும் உதையும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். காட்டுப்பன்றியை விரட்டி வருகிற வேட்டையில் கண்ணை எடுக்காமல் இரண்டாவது குண்டை விட முடிவது பெரிய வசதி. இத்தாலிக்காரர்களின் பெனெல்லி ஆர்கோவும் இதே வாயு வகைதான். மச்சான் இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, தோளுக்கு ஒத்து வந்ததைத் தேர்ந்தெடுத்தாராம். சரியான முறை. விலை கூடிய ரைபிள்களுக்குள் வந்துவிட்டால் கடைக்காரர் அடுக்கும் வித்தியாசங்களைவிட நம் தோளும் கன்னமும் சொல்வதுதான் கணக்கு.

ஆனால் பிரான்ஸில் சாதாரண வேட்டைக்காரர் வைத்துக்கொள்ளும் செமி ஆட்டோவில் மொத்தம் மூன்று தோட்டாதான், சுடத் தயாராகக் குழலின் அடியில் (சேம்பரில்) ஒன்று, தோட்டா அடுக்கும் மேகசினில் இரண்டு. ரேஞ்சில் மூன்று சுட்டதும் மறுபடி நிரப்ப வேண்டும். பத்துப் பதினைந்து போனதும் மெல்லிய வேட்டைக் குழல் சூடேறி, குண்டுகள் விலகி விழ ஆரம்பிக்கும். ஆறும்வரை சும்மா உட்கார வேண்டியதுதான். காட்டில் தேவைப்படுவது குளிர்ந்த குழலில் இருந்து வரும் முதல் குண்டு. ரேஞ்சில் தேவைப்படுவது அறுபதாவது குண்டும் முதல் குண்டு மாதிரியே போவது. "ரேஞ்சுக்கு வருஷத்துக்கு நாலு தடவை, சைட் சரியா இருக்கான்னு பார்க்கப் போவேன், அவ்ளோதான்" என்றார் மச்சான். மருமகனின் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது.

இனி நம் ஊர் சங்கதி. பெரிய தோட்டா போடும் செமி ஆட்டோ ரைபிள் இங்கே சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. வேட்டை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் முடித்துவைத்த கதை. விருத்தாசலம் பக்கம் மக்காச்சோளக் கொல்லையைப் பன்றி உழுது போட்டாலும் நாம் சுட முடியாது. காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025-ல் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோதும், அது வனத்துறை ஆட்களுக்கு மட்டும்தான். ஏர் கன்தானே என்று ஊசுட்டேரிக் கரையில் கொக்கைக் குறி வைப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அதுவும் வேட்டைதான்.

ஆக மிஞ்சுவது ரேஞ்ச். அதில் கடலூர்ப் பையனுக்கு உண்மையில் மூன்று வழி.

சிறிய தோட்டா போடும் .22 ரைபிளை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். என்.சி.சி.யில் சுட்ட ருசி அவனுக்கு இருக்கிறது, நல்ல துப்பாக்கி, சந்தேகமே இல்லை. ஆனால் லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, தோட்டாவுக்குக் கணக்கு, தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. சுடுவதற்கு ஏற்ற ரேஞ்சும் வேண்டும். மொட்டை மாடியில் நடக்கிற காரியம் இல்லை. போட்டியில் மேலே வந்தபிறகு யோசிக்கலாம்.

மிச்சம் இரண்டும் ஏர் ரைபிள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம். 5.5 வாங்கினால் வேண்டும். பெரிசு, பவர் அதிகம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். காகிதத்தில் ஓட்டை போடப் பவர் எதற்கு?

ஸ்பிரிங் ரைபிள் என்பது சில்வர் பீச்சில் பலூன் சுடுவோமே, அதன் நல்ல அண்ணன். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும். சில ஆயிரத்தில் இருந்து கிடைக்கும். பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். குறை என்னவென்றால், பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் குலுக்கல் தொடங்கிவிடும். முன்னும் பின்னுமாக இரண்டு உதை. இறுக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் போகும், தளர்த்தினால் இன்னொரு பக்கம். உள்ளங்கையில் குழந்தையை ஏந்துவது போல, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே தளர்வோடு ஏந்த வேண்டும். அந்தக் குலுக்கல் சாதாரண ஸ்கோப்பையும் உடைத்துவிடும்.

என்னிடம் இருப்பது அந்த வகை. வாங்கிய புதிதில் கடையில் ஒருவர் சொன்னார் என்று காற்று அறைக்குள் எண்ணெய் விட்டேன். அடுத்த விசைக்குப் படாரென்று ஒரு வெடி, குழல் முனையில் நீலப்புகை. டீசல் இன்ஜினில் நடப்பதுதான்: அழுத்தத்தில் சூடான காற்று எண்ணெயைப் பற்றவைத்துவிட்டது. சீல் போய்விட்டது. எண்ணெய் வெளிப்புற இரும்புக்கு மட்டும். கடலூர் உப்புக்காற்றில் ஒரு வாரம் துடைக்காமல் வைத்தால், கை பட்ட இடத்தில் விரல் ரேகை துருவாகவே எழுந்துவிடும். பெல்லட் இல்லாமல் விசையை இழுப்பதும் கூடாது. மெத்தை இல்லாத பிஸ்டன் சுவரில் போய் மோதும்.

மூன்றாவது பி.சி.பி. சிலிண்டரில் காற்றை முன்கூட்டியே, பொதுவாக 200 பார் அழுத்தத்துக்கு, அடைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. உதை கிட்டத்தட்ட இல்லை. விசை தொட்டால் விடும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ் என்று ஜெர்மன்காரர்கள் ராஜ்யம். விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். மலிவான இந்திய பி.சி.பி.யும் உண்டு, பழகுவதற்குப் போதும். கைப்பம்பால் நிரப்பினால் சட்டை நனையும். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்பதால் வடிகட்டி இல்லாத பம்ப் வேண்டவே வேண்டாம். பழைய ரைபிள் வாங்குபவர்கள் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். மேட்ச் ரைபிள், அதாவது போட்டி ரைபிள், சிலிண்டருக்குப் பத்து வருடக் கெடு என்பது வழக்கம்.

பாண்டியில் ஒரு நண்பரின் மேட்ச் ரைபிளையும் என் ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மணல் மூட்டை மேல் சாய்த்து, பத்து மீட்டரில் ஐந்தைந்து சுட்டோம். என்னுடையது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள். அவருடையது ஒரே ஓட்டை, ஓரம் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. போட்டி டார்கெட்டில் பத்து மார்க் தரும் நடு வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளி, பென்சில் முனை மாதிரி. 75 நிமிடத்தில் 60 சூடு, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே ஒரு பெல்லட். செமி ஆட்டோவுக்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் மேட்ச் ரைபிள்தானே? பணம் இருந்தாலும் முதல் வருடம் வேண்டாம் என்பேன். கிளப்பில் பொதுத் துப்பாக்கி இருக்கும், அதில் சுடட்டும். வீட்டுக்கு ஸ்பிரிங் போதும். அதில் குறி தப்பாமல் விசை இழுக்கப் பழகியவன் பி.சி.பி.யைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். முதலிலேயே பி.சி.பி.யில் பழகியவன் ஸ்பிரிங்கைத் தொட்டால் திட்டுவான்.

இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் கடலூரில்தான் என்று மருமகனிடம் சொன்னேன். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கியவர். கூகுளில் பார்த்தான். அவர் கையில் இருந்ததன் விலையையும் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது என் ஸ்பிரிங் அவனிடம்தான். மஞ்சக்குப்பம் வீட்டின் நீளக் கூடத்தில், கோடியில் களிமண் அடைத்த இரும்புப் பெட்டி. சுடும்போது கொல்லைக் கதவைத் தாழிடுவது சட்டம். சுட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவாமல் சாப்பாடு கிடையாது, பெல்லட் ஈயம். அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் போன ஞாயிறு அவன் காட்டிய அட்டையில் பத்தில் ஆறு நடுவில் உள்ள கறுப்பு வட்டத்துக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு, "மிச்சம் நாலு எங்கடா போச்சு?" என்று சுவரைத் தடவிப் பார்த்தாள்.