ஆறு மாரி கண்ட ட்ரையர்: மூன்று தடவை சூடு நின்ற கதை

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில். ஐப்பசி தொடங்கினால் தை வரை உடுப்பு காயாது. விறாந்தைக் கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் வெள்ளைச் சீருடையில் பூஞ்சண மணம் போகாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா வேறு படுக்கையில். அதனால் 2019இல் 7 கிலோ ட்ரையர் ஒன்று வாங்கினோம். ஈரக்காற்றைப் பின்பக்கக் குழாயால் வெளியே தள்ளுகிற வகை, ஹீற்றர் 2000 வாட். "வெயில்ல காயாத உடுப்பும் ஒரு உடுப்பா மகள்?" என்று அம்மா முகம் சுளித்தா. மழை பிடித்த இரண்டாம் கிழமை தன்னுடைய படுக்கை விரிப்பைச் சூட்டோடு கையில் வாங்கியபிறகு அந்தப் பேச்சு இல்லை.

முதல் கோளாறு 2020 மார்கழியில். ஒன்றே கால் மணித்தியாலத்தில் காய்ந்தவை இரண்டரை மணித்தியாலமாகியும் ஈரமாக இருந்தன. நானும் சூடு வரவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கதவைத் திறந்து கையை விட்டால் உள்ளே கொதிக்கிறது. அப்படியென்றால் ஹீற்றர் நல்லாயிருக்கிறது, ஈரக்காற்று வெளியேற வழிதான் இல்லை. மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்ததில் குழாய் மடிந்து கிடந்தது. அதை நிமிர்த்திவிட்டு, உடுப்புப் பஞ்சைப் பிடிக்கிற வலை பில்டரைத் தண்ணீர்க் குழாயின் கீழ் பிடித்தேன். தண்ணீர் வலையூடாக இறங்காமல் மேலேயே தேங்கி நின்றது! பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் உடுப்புக்குப் போடுகிற சொஃப்ட்னர் மெழுகு மாதிரி படிந்து கண்களை அடைத்திருந்தது. பழைய பல்துலக்கியும் சவர்க்காரமும் போதும். செலவு இல்லை.

இரண்டாவதுதான் பெரிய கதை. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது ஞாபகம் இருக்கும்தானே. அதோடு ட்ரையரைத் துணியால் மூடி வைத்தவள், கார்த்திகையில்தான் திரும்பப் போட்டேன். இரண்டு தரம் ஓடியது. மூன்றாம் தரம் டிரம் சுற்றுகிறது, சூடு துளியும் இல்லை, உள்ளே பச்சைத் தண்ணீர்க் குளிர். திருத்த வந்தவர் பின்தகட்டைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, "ஹீற்றர் கொயில் எரிஞ்சு போச்சு அக்கா, மாத்த 18,000 முடியும்" என்றார். அவ்வளவு காசு இப்போது இல்லை என்றேன். "அப்ப இப்போதைக்கு ஓடவிட்டுத் தாறன்" என்று அரை மணித்தியாலம் வேலை செய்து 3,500 வாங்கிக்கொண்டு போனார். மெஷின் சூடாகியது. கொயில் எரிந்திருந்தால் எப்படிச் சூடாகும் என்று அப்போதே கேட்டிருக்கவேண்டும். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

பத்து நாளில் அறை முழுக்கப் பஞ்சு கருகிய மணம். அக்காவின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்த்தவன், "சித்தி, இதுக்குள்ள தெர்மல் பியூஸே இல்ல. ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தியிருக்கு" என்றான். சூடு எல்லை மீறினால் தன்னை அறுத்துக்கொண்டு ஹீற்றரை நிறுத்துகிற சின்னச் சாமான் அது. ஒருமுறை போனால் போனதுதான், தானாகத் திரும்பச் சேராது. அதைத் தூக்கிப்போட்டு வயரை முறுக்கினால், தீ பிடிக்காமல் தடுக்கிற கடைசிக் காவலும் போகிறது. இது கேட்டு அம்மா படுக்கையிலிருந்தே, "மறுகா ஏன் மகள் அவனுக்குக் காசு குடுத்த?" என்றா. பதில் இல்லை.

அக்காவின் மகன் மல்டிமீற்றரை ஹீற்றரின் இரண்டு முனையிலும் வைத்தான். மின்தடை 27 ஓம். 2000 வாட் கொயிலுக்கு அது சரியான கணக்கு. அறுந்த கொயில் என்றால் மீற்றர் ஒன்றும் காட்டாது. சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும் நல்லாயிருந்தது. அப்படியென்றால் பியூஸ் ஏன் போனது? வெளியே போய்க் குழாய் முடிகிற இடத்தைப் பார்த்தோம். மூடிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, விரல் மொத்தத்தில் நாலு அறை, வெயிலில் சீமெந்து மாதிரி இறுகி. ஏழெட்டு மாதம் மெஷின் ஓடாததால் அதற்கு நிம்மதியான வீடு. மூடி திறக்கமுடியாமல் காற்று திரும்ப, ஹீற்றரைச் சுற்றிச் சூடு ஏறி பியூஸ் அறுந்திருக்கிறது. குழாயை உதறினால் ஈரக் கம்பளி மாதிரிப் பஞ்சு, இடையிடையே கடற்கரை மணல். புதுப் பியூஸ் கொழும்பிலிருந்து வரும்வரை மெஷினைத் தொடவில்லை. வாங்கும்போது பழையதில் அச்சடித்திருந்த வெப்பநிலையும் அம்பியரும் அப்படியே இருக்கவேண்டும். நம்முடையதைத்தான் அந்த மனிசன் எறிந்துவிட்டாரே. மெஷினின் மொடல் இலக்கத்தைக் கொடுத்து எடுப்பித்தோம்.

மூன்றாவது, 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. பகலில் ஒழுங்காகக் காய்கிறது, இரவு எட்டு மணிக்குப் போட்டால் வெதுவெதுப்புத்தான். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. பிளக் பொயின்ற்றில் மீற்றரை வைத்தேன்: 192 வோல்ட். 230 வரவேண்டிய இடத்தில் 192 வந்தால் 2000 வாட் ஹீற்றர் ஏறக்குறைய 1400 வாட்டாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு சூடும் குறைகிறது. ஆறரையிலிருந்து பத்தரை வரை ஊரே லைற் போடுகிற நேரம். இப்போது மத்தியானத்தில் போடுகிறேன். அப்போதே எக்ஸ்டென்ஷன் வயரையும் விலக்கினேன். 9 அம்பியர் இழுக்கிற மெஷினுக்கு அது ஆகாது, பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி இருந்தது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வொரு தரமும் பில்டர், மாதம் ஒருமுறை குழாயும் வெளிமூடியும். குளவிக்குப் பயந்து மூடியில் கம்பிவலை அடிக்க நினைத்தேன். பஞ்சு அதிலேயே அடைத்துவிடும் என்று அக்காவின் மகன் தடுத்தான். போன ஆவணியில் மூடியின் ஓரத்தில் பட்டாணி அளவு ஈரமண் ஒட்டியிருந்தது, வழித்துவிட்டு வந்தேன்.

அக்கரைப்பற்றில் இருக்கிற மச்சாள் ஹீற் பம்ப் வகை வாங்கினா. முதல் நாளே "சூடு வரல்ல" என்று போன் எடுத்தா. அந்த வகையில் ஹீற்றர் கொயிலே கிடையாது, குளிர்சாதனப்பெட்டி மாதிரி கொம்பிரசர்தான். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் எடுத்துக் காயவைக்கும், கரண்டும் குறைவாகத்தான் பிடிக்கும். உடுப்பு காய்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். காய்கிறதாம். விலை கூட என்றாலும், இன்றைக்கு வாங்குவதென்றால் நானும் அதைத்தான் வாங்குவேன். அதன் சுவர்ப்பக்கம் குழாய் இல்லை, குளவிக்கு இடமும் இல்லை.