படகின் தண்டு பேரிங்: புல்லரால் இழுப்பதா, தண்டையே உருவுவதா?

புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டைத் தாங்கும், பித்தளை உறைக்குள் வரிப்பள்ளங்களுடன் ரப்பர் பதித்த பேரிங்கை, புரொப்பல்லரை மட்டும் கழற்றி, உறையைப் பிடித்திருக்கும் நிறுத்துத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, தண்டு அதன் இடத்திலேயே இருக்கப் புல்லரால் (இழுத்தெடுக்கும் கருவி) இழுத்துவிடலாம்; தண்டை எஞ்சின் பக்கத்தோடு இணைக்கும் கப்ளிங்கைத் தொட வேண்டியதில்லை. உறை உப்பேறி இறுகியிருந்தால் மட்டுமே சிரமம்.

தண்டை உருவுவதற்குக் கப்ளிங்கைப் பிரிக்க வேண்டும். பல படகுகளில் சுக்கானையும் இறக்க நேரும். ஆயினும், இறுகிய உறையை ரம்பத் தகட்டால் நீளவாக்கில் அறுத்து (உறை பொருந்தியிருக்கும் தாங்கியின் உட்சுவரில் கீறல் விழாமல்) உட்பக்கமாக மடக்கி எடுக்கவும், பேரிங் அமர்ந்திருந்த இடத்தில் தண்டு தேய்ந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பார்க்கவும் இவ்வழியே வசதியானது. நகம் இடறும் தண்டு புதிய ரப்பரையும் அரித்துவிடும் என்பதால், இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். திரும்பப் பூட்டியபின், படகு நீரில் மிதக்கும் நிலையில், 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங் முகங்களின் இடைவெளி வேறுபாடு 0.1 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) சரிபார்க்க வேண்டும்.