நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ்: எந்த மாதம் போவது, எங்கே உட்காருவது

நியூ ஆர்லியன்ஸுக்கு ஜாஸ் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜாஸ் ஃபெஸ்ட் தேதியைப் பார்த்துத்தான் விமான டிக்கெட் எடுக்கிறார்கள். பெரிய விழா என்ற அளவில் அது சரிதான். ஆனால் ஜாஸ் ஒன்றுக்காகவே போவதென்றால், ஏப்ரல் நடுவில், ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் நடக்கும் பிரெஞ்சு குவார்ட்டர் விழாவுக்குத்தான் எங்கள் முதல் ஓட்டு. 1984 முதல் நடக்கிறது. வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள், இருபதுக்கும் மேற்பட்ட மேடைகள், நுழைவுக் கட்டணம் கிடையாது. மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர் கலைஞர்கள். வருடம் முழுக்க அந்த ஊர்க் கூடங்களில் வாசிப்பவர்களையே பகல் வெளிச்சத்தில், திறந்த தெருவில் கேட்கலாம்.

அங்கேயும் மேடை பார்த்து நிற்க வேண்டும். ஆற்றங்கரை மேடைகளில் ஃபங்க், ராக், ப்ளூஸ் எல்லாம் கலந்து வரும், கூட்டமும் அங்கேதான். பழைய பாணி ஜாஸ் வேண்டுமென்றால் ஜாக்சன் சதுக்கம், ராயல் தெருவின் சின்ன மேடைகள், எஸ்பிளனேட் அவென்யூவில் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் இருக்கும் ஜாஸ் அருங்காட்சியகம் என்று சுற்றுங்கள். வியாழனும் வெள்ளியும் நிம்மதியாகக் கேட்கலாம். சனி மதியத்துக்கு மேல் ஒரு மேடையிலிருந்து அடுத்ததற்கு நகர்வதே பெரும்பாடு.

இனி ஜாஸ் ஃபெஸ்ட். 1970-ல் காங்கோ சதுக்கத்தில் சில நூறு பேருக்காகத் தொடங்கியது. அந்த முதல் விழாவிலேயே டியூக் எலிங்டனும் மஹாலியா ஜாக்சனும் இருந்தார்கள். 1972-ல் ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரைப் பந்தய மைதானத்துக்கு மாறியது. ஏப்ரல் கடைசி வார இறுதி, மே முதல் வார இறுதி என்று இரண்டு தவணை. காலை 11 மணிக்கு ஆரம்பித்து மாலை 7 மணிக்கு முடியும். டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் விலை குறையும். நகரத்தில் அறை வாடகை அந்த நாட்களில் எகிறிவிடும் என்பதால் முதலில் தங்குமிடம், பிறகு டிக்கெட் என்ற வரிசையில் போவது நல்லது.

இந்த விழாவைப் பற்றி வரும் ஏமாற்றங்களில் பாதி, 'ஜாஸ் என்று பெயர் வைத்துவிட்டு ராக் பாடகர்களை ஏற்றுகிறார்களே' என்பதுதான். பெரிய மேடைகளில் முன்னால் நின்றால் அப்படித்தான் தோன்றும். ஜாஸ் இருக்குமிடம் கூடாரங்கள். உள்ளூர் வானொலி நிலையமான டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் பெயரில் இருக்கும் ஜாஸ் கூடாரத்தில் நவீன ஜாஸ். எகானமி ஹால் கூடாரத்தில் பாரம்பரிய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ். ட்ரெமே பகுதியில் இருந்த ஒரு பழைய கூடத்தின் பெயர் அது. இரண்டிலும் நாற்காலி உண்டு, நிழல் உண்டு, மழைக்கும் கவலையில்லை. பெரிய மேடைக்கு வந்த கூட்டம் எட்டிப் பார்க்காத மதிய வேளையில் எகானமி ஹாலில் முன்வரிசை நாற்காலியே கிடைக்கும்.

எகானமி ஹாலில் நடுப் பாதையை ஒட்டி உட்காருங்கள். கிளாரினெட்டும் டிரோம்போனும் பாட்டைச் சூடேற்றியதும் நாலைந்து பேர் ஜரிகை வைத்த குடையை விரித்துக்கொண்டு எழுவார்கள். அடுத்த சரணத்துக்குள் கூடாரத்தைச் சுற்றி ஒரு ஊர்வலமே ஓடும், கைக்குட்டையைச் சுழற்றியபடி. அதில் சேர யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஜாஸ் கூடாரத்தில் ஒரு குறை உண்டு. ப்ளூஸ் கூடாரம் அருகிலேயே இருப்பதால் பாஸ் தனியாக வாசிக்கும் மெல்லிய இடங்களில் வெளியோசை உள்ளே கசியும். மேடைக்கு நெருக்கமாக உட்கார்ந்தால் தொந்தரவு குறையும்.

நிகழ்ச்சிக் கட்டங்களை அந்த ஊரில் 'க்யூப்ஸ்' என்கிறார்கள். ஒரே நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இசை நடப்பதால், அந்தக் கட்டத்தை அச்செடுத்து ஒரு நாளைக்கு நான்கு பேரை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். ஆறு ஏழு என்று போட்டால் ஒரு கச்சேரியையும் முழுதாகக் கேட்க முடியாது. ஒவ்வொரு செட்டும், அதாவது ஒரு குழுவின் ஒரு சுற்று வாசிப்பும், சூடு பிடிப்பது பின்பாதியில்தான். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூட்டத்தில் நடக்கும் நேரத்தில் அந்தப் பின்பாதி போய்விடும்.

மைதானத்துக்குப் போக கேனல் தெருவில் சிவப்பு டிராம், கட்டணம் 1.25 டாலர். 48-ஆம் எண் வண்டியில் ஏற வேண்டும், அதுதான் சிட்டி பார்க் போகிறது. அதே தண்டவாளத்தில் வரும் 47 கல்லறைகள் பக்கம் திரும்பிவிடும். புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். கடைசி நிறுத்தத்தில் இறங்கி எஸ்பிளனேட் வழியே கால் மணி நேர நடை. திரும்பும்போது 7 மணிக்குச் செயலியில் கார் அழைப்பது வீண்: சுற்றுத் தெருக்கள் அடைத்திருக்கும், வாடகையும் ஏறிக் கிடக்கும். ஆறரைக்குக் கிளம்புங்கள், அல்லது டிராம் நிறுத்தம் வரை நடந்துவிடுங்கள்.

மழை பெய்தால் மைதானம் சேறாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் இறால் பிடிப்பவர்கள் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு வருவதைப் பார்க்கலாம், அது அலங்காரத்துக்கு அல்ல. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. அதில் இழப்பும் இல்லை. கிராஃபிஷ் ரொட்டியும் கோஷான் டி லே போ-பாயும் வரிசையில் நின்று வாங்கத் தகுந்தவை. கிராஃபிஷ் நம் நன்னீர் சிங்கி இறால் போன்றது, இன்னொன்று பன்றியிறைச்சி வைத்த நீள ரொட்டி சாண்ட்விச். வெயில் உறைக்கும் இரண்டு மணிக்கு மேங்கோ ஃப்ரீஸ் என்ற மாம்பழ ஐஸ்.

இரவுக்கு வருவோம். செயின்ட் பீட்டர் தெரு 726-ஆம் எண், பிரிசர்வேஷன் ஹால், 1961 முதல். ஒரு இரவில் பல காட்சிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். டிக்கெட்டை இணையத்தில் எடுத்துவிட்டு அரை மணி முன்னதாக வரிசையில் நில்லுங்கள். உள்ளே சில பெஞ்சுகள், முன்னால் தரையில் மெத்தைகள், மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். தரை மெத்தை கிடைத்தால் விடாதீர்கள். டிரோம்போனின் நீட்டுக்குழாய் கைக்கெட்டும் தூரத்தில் வந்து போகும்; டிரம்பெட்காரர் குழல் வாயில் செருகும் அடைப்பானை மாற்றுவதும், இரண்டு வரிக்கு நடுவே மூச்சிழுப்பதும் காதில் விழும். கச்சேரி நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது. அங்கே வெகுகாலம் தொங்கிய ஒரு பலகையில் நேயர் விருப்பத்துக்கு விலை எழுதியிருந்தது: பாரம்பரியப் பாட்டுக்கு 2 டாலர், மற்றவற்றுக்கு 5, 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' என்ற புகழ்பெற்ற பாட்டுக்கு 10. எல்லாரும் அதையே கேட்டால் வேறு பாட்டுகளை எப்போது வாசிப்பது?

ஃபிரெஞ்ச்மென் தெருவில் 'ஸ்னக் ஹார்பர்' உட்கார்ந்து கவனமாகக் கேட்கிற இடம். எல்லிஸ் மார்சாலிஸ் பல்லாண்டுகள் வெள்ளிக்கிழமை தோறும் பியானோ வாசித்தது இங்கேதான். அவர் 2020-ல் மறைந்தார். இரவுக்கு இரண்டு காட்சி. பின்னிரவுக் காட்சியில் வாசிப்பவர்கள் கூடுதல் சுதந்திரம் எடுத்துக்கொள்வார்கள் என்பது எங்கள் கணிப்பு. எதிர்ப்பக்கத்து 'ஸ்பாட்டட் கேட்' சின்ன அறை, நின்றுதான் கேட்க வேண்டியிருக்கும், ஸ்விங் நடனம் தெரிந்தவர்களுக்கு ஏற்றது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. செட்டுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். அன்பளிப்பு வாளி சுற்றி வரும்போது தலைக்கு 5 டாலராவது போடுங்கள். அந்தக் கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த வாளியில்தான் விழுகிறது. சில்லறை நோட்டு முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விழாவும் இல்லாத மாதமா? ஞாயிறு மதியம் செகண்ட் லைன் ஊர்வலம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஜூன் வரை ஏறக்குறைய எல்லா ஞாயிறும், வெவ்வேறு பேட்டை மன்றங்கள் நடத்துபவை. மன்றத்தாரும் பித்தளை வாத்தியக் குழுவும் முதல் வரிசை, பின்னால் ஆடி வருகிறவர்கள் இரண்டாம் வரிசை. பெயர் அதிலிருந்து வந்தது. நான்கு மணி நேரம் நடக்கும், கட்டணம் இல்லை. முதல் வரிசையைச் சுற்றிப் பிடித்து வரும் கயிற்றுக்குள் நுழையாதீர்கள், அது மன்றத்தாரின் இடம். படமெடுக்க முன்னால் பின்னோக்கி நடந்தால் இடித்துக்கொள்வீர்கள். உடலைச் சுற்றி மாட்டும் பெரிய பித்தளைக் குழலான சூசாஃபோனுக்குப் பக்கவாட்டில், நடைபாதை ஓரமாக வந்தால் பெரிய முரசும் அதன் தலையில் பூட்டிய தாளமும் பேசிக்கொள்வது தெளிவாகக் கேட்கும்.

ஊருக்கு வெளியே ஒன்றே ஒன்று சொல்வதென்றால் மாண்டெவில்லின் ட்யூ ட்ராப் கூடம். பான்சர்ட்ரெய்ன் ஏரியின் மேல் 38 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்தால் அக்கரை. 1895-ல் கட்டிய மரக்கூடம். பலகைச் சுவர், மரக் கதவு வைத்த ஜன்னல்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டும் குறிப்பிட்ட நாட்களில் கச்சேரி. உள்ளே இடமில்லை என்றால் ஜன்னலுக்கு வெளியே புல்லில் நிற்கலாம், அங்கேயும் இசை நன்றாகவே விழும். திரும்பி வர பஸ் கிடையாது என்பதால் காருக்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

ஆகஸ்ட் முதல் வார இறுதியில் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பிறந்தநாளை ஒட்டி சாட்ச்மோ சம்மர்ஃபெஸ்ட்; சாட்ச்மோ அவருடைய செல்லப் பெயர். 2001-ல், அவருடைய நூற்றாண்டில் தொடங்கியது. இடம் அதே ஜாஸ் அருங்காட்சியகம். டிரம்பெட் பிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விழா இல்லை, ஆனால் வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும். பகல் ஒன்று முதல் நான்கு வரை கட்டடத்துக்குள் நடக்கும் உரைகளைக் கேட்டுவிட்டு மாலையில் வெளி மேடைக்கு வாருங்கள்.

அன்றன்றைக்கு யார் எங்கே என்பதற்கு 90.7 எஃப்.எம். டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். ஒற்றைப்படை மணி தோறும் அன்றைய கச்சேரிப் பட்டியலை வாசிக்கிறார்கள். மாலை ஐந்து மணி வாசிப்பைக் கேட்டுவிட்டு அறையை விட்டுக் கிளம்பினால் முதல் செட்டுக்கு நேரம் சரியாக இருக்கும்.