இரண்டு ராக் பேண்ட் என்று சொல்லி ஒன்றரை பேண்ட் காட்டினார்கள்

உள்ளூர் பேண்ட்கள் இரண்டு ஒரே மேடையில் வாசிக்கிறார்கள் என்று போஸ்டரைப் பார்த்ததும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்று விசாரித்துவிட்டு எடுங்கள். போன சனிக்கிழமை நண்பர்களோடு போய் நன்றாக ஏமாந்துவிட்டு வந்தோம். வாசித்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபமெல்லாம் நடத்தியவர்கள் மேல்தான்.

டிக்கெட்டில் ‘மாலை 7 மணி’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அது கதவைத் திறக்கிற நேரமாம். ராக் நிகழ்ச்சிகளில் கதவு திறந்து ஒரு மணி நேரம் கழித்து முதல் பாட்டு வருவது சகஜம், அதற்கெல்லாம் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். இங்கே முதல் பேண்ட் மேடை ஏறும்போது மணி ஒன்பதே கால். அந்த அரங்கத்தில் 10.30-க்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று நுழைவாயிலிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். டிக்கெட் விற்றவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

நடுவில் மேடை மாற்றும் கூத்து வேறு. சின்ன மேடையில் இரண்டு பேண்ட் என்றால் பெரும்பாலும் ஒரே டிரம்ஸ் செட்டை இருவரும் வாசிப்பார்கள். வருகிறவர் தன்னுடைய ஸ்நேர், சிம்பல், பெடல் இவற்றை மட்டும் மாற்றிக்கொள்வார். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பும் அப்படித்தான், கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இங்கே யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. இரண்டு டிரம்மர்களும் முழு செட்டோடு வந்திருந்தார்கள். ஒன்றை மொத்தமாகப் பிரித்து இறக்கி, இன்னொன்றை ஏற்றிப் பூட்டி முடிப்பதற்குள் பத்து மணி தாண்டிவிட்டது. இரண்டாவது பேண்ட் நான்காவது பாட்டில் இருந்தபோது, கிட்டார் சோலோ நடுவில், ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள். கிட்டார் செத்தது, பேஸ் செத்தது, டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசித்த பெண் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர், நிமிர்ந்து பார்க்கவே கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் முக்கியமாகப் பார்க்கப் போனதே இந்த இரண்டாவது பேண்டைத்தான்.

சரி, வாசித்த நேரமாவது கேட்கிற மாதிரி இருந்ததா? நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு வாத்தியத்தின், குரலின் அளவையும் சரிபார்க்கிற சவுண்ட் செக்கே நடக்கவில்லை. ஒவ்வொரு மைக்கிலும் ‘ஹலோ, ஹலோ’ சொல்லி வயர் வேலை செய்கிறதா என்று பார்த்ததோடு சரி. ஒலிகளைக் கலந்து அளவு வைக்கிற மிக்சரில் உட்கார்ந்திருந்தவர்தான் லைட்டையும் பார்த்துக்கொண்டார், போனையும் பார்த்துக்கொண்டார். பாடகர் முன்பக்கம் வந்தபோதெல்லாம் மானிட்டர், அதாவது பாடுபவருக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், ஊளையிட்டது. எந்த அதிர்வெண் கத்துகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அதை மட்டும் இறக்குவதுதான் முறை. இவர் பாடகரின் குரலையே மொத்தமாக இறக்கிவிட்டார்! அப்புறம் பாடகர் மைக்கை வாயோடு ஒட்டி, தலைப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு பாடினார் பாவம். அப்படிப் பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்கும், ஊளை இன்னும் கூடும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பார்.

குரல்தான் கேட்கவில்லையே தவிர, சத்தத்துக்குப் பஞ்சமில்லை. இப்படிப்பட்ட இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதடைப்பான் கொடுக்க வேண்டும், சத்தமில்லாத ஒதுக்கிடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை வெளியிட்டிருக்கிறது. வாசலில் காதடைப்பான் கேட்டேன். “அதெல்லாம் இங்க கிடையாது சார், உள்ள போங்க” என்றார்கள். மறுநாள் மதியம் வரை காதில் ரீங்காரம்.

‘மேடை முன்பகுதி’ என்று கூடுதல் விலைக்கு ஒரு டிக்கெட் விற்றார்கள், நாங்கள் அதைத்தான் எடுத்திருந்தோம். ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டம் குறைவாக இருந்ததால் முதல் பாட்டுக்கே அவிழ்த்துவிட்டு, பின்னால் நின்றவர்களையும் முன்னால் வரச் சொன்னார்கள். அவர்கள் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. கூடுதலாக வாங்கிய காசைத் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

வாசலில் நடந்த ஒரு விஷயத்துக்கு அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. டிக்கெட்டைக் கிழிக்கும்போது “எந்த பேண்டைப் பார்க்க வந்தீங்க?” என்று கேட்டு ஒரு தாளில் கோடு போட்டார்கள். நிகழ்ச்சி முடிந்து டி-ஷர்ட் வாங்கப் போனபோது இரண்டாவது பேண்டின் பேஸ் வாசிப்பவரிடம் கேட்டேன். அந்தக் கோடுகளை எண்ணித்தான் சம்பளமாம். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால்தான் கையில் காசு, இல்லையென்றால் வெறுங்கை. டி-ஷர்ட் விற்பனையிலும் அரங்கத்துக்குப் பங்கு. பல நாடுகளில் சின்ன பேண்ட்களைப் பிழிகிற முறை இதுதான். “இரண்டையும்” என்று சொன்ன எங்களை யார் கணக்கில் எழுதினார்களோ.

பணத்தைக் கேட்டால் நடத்தியவர் டிக்கெட் தளத்தைக் கைகாட்டுகிறார், தளம் நடத்தியவரைக் கைகாட்டுகிறது. ‘நிகழ்ச்சி நடந்தது, ஆகவே பணம் திரும்பாது’ என்பதே பதில். கார்டில் கட்டியிருந்ததால், விற்ற சேவையை முழுதாகத் தரவில்லை என்று வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். போஸ்டர் படம், டிக்கெட், ஸ்பீக்கர் அணைந்த நேரம் தெரிகிற வீடியோ மூன்றையும் இணைத்தேன். அன்றிரவு அங்கே இருந்தவர்கள் போனில் எடுத்ததை அழித்துவிடாதீர்கள்.

இனி போகிறவர்கள் பேண்டிடமே நேராகக் கேளுங்கள். எத்தனை மணிக்கு மேடை, எவ்வளவு நேரம், சவுண்ட் யார் பார்க்கிறார்கள், டிக்கெட்டில் அவர்களுக்கு என்ன வரும் என்று. சின்ன பேண்ட்கள் பெரும்பாலும் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள். நேரத்தைக் கேட்டு அவர்களே ‘எங்களுக்கும் இன்னும் சொல்லவில்லை’ என்றால் டிக்கெட் எடுக்காதீர்கள். அவர்கள் பாட்டை இணையத்தில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு பங்காவது அவர்கள் கைக்குப் போகும்.