பழைய சட்டச் சொற்களுக்கு ஒரு கையேடு

இங்கிலாந்தின் பழைய வழக்கு ஆவணங்களை வாசிப்போருக்கென அச்சிடப்பட்ட இந்தச் சிறு சொற்கையேட்டை ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். சொல் பிறந்த கதையைச் சொல்லும்போது இது வெகு நேர்த்தியாக இருக்கிறது. அச்சொல்லைக் கொண்டு நீதிமன்றம் என்ன செய்தது என்று தேடினால்தான் கைவிட்டுவிடுகிறது.

இதில் ஆகச் சிறந்த பதிவு ‘டியோடண்ட்’. கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது என்னும் லத்தீன் தொடரிலிருந்து வந்த இச்சொல், ஒருவரின் சாவுக்குக் காரணமான வண்டியோ விலங்கோ, அல்லது ஜூரிகள் குறித்த அதன் மதிப்போ, அரசுக்குப் பறிமுதலாவதைச் சுட்டியது. ரயில் விபத்துகளில் எஞ்சின்கள் மீதும் இது விதிக்கப்படத் தொடங்கியதையும், 1846இல் நாடாளுமன்றம் இதை ஒழித்ததையும் கையேடு ஒரே பத்தியில் சுவையாகச் சொல்லிவிடுகிறது. ‘மார்ட்கேஜ்’ பதிவும் அதற்குக் குறைந்ததல்ல: பழைய பிரெஞ்சில் ‘செத்த ஈடு’ என்று பொருள்படும் இதற்கு, கடன் அடைபடாவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்தது, அடைபட்டால் கொடுத்தவருக்குச் செத்தது என்று 15ஆம் நூற்றாண்டு நீதிபதி லிட்டில்டன் தந்த விளக்கம் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. அட்டையில் ‘ஆங்கில, லத்தீன் சொற்கள்’ என்று போட்டுவிட்டு, 1066இல் நார்மானியர் வென்றபின் நுழைந்த பிரெஞ்சை ஏன் மறைத்தார்களோ!

குறை லத்தீன் தொடர்களில்தான். ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்பதற்கு ‘நீ உடலைக் கொண்டிருப்பாயாக’ என்று சொல்லுக்குச் சொல் பொருள் எழுதியதோடு பதிவு முடிகிறது. காவலில் வைத்திருப்பவர், வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின்முன் நிறுத்திக் காரணம் காட்ட வேண்டும் என்ற கட்டளையே அது. 1679ஆம் ஆண்டுச் சட்டம் பற்றியும் ஒரு வரி இல்லை. நம்முடைய ‘ஆட்கொணர்வு’ என்ற ஒற்றைச் சொல்லே இதைவிட அதிகம் விளக்கிவிடுகிறது. ‘மென்ஸ் ரியா’வைக் ‘குற்றமுள்ள மனம்’ என்று மட்டும் எழுதியிருப்பது இன்னும் ஆபத்தானது. வாசிப்பவர் அதைக் குற்ற உணர்ச்சி என்றோ கெட்ட எண்ணம் என்றோ கொள்வார். சட்டம் தேடுவதோ அந்தந்தக் குற்றத்துக்கு வேண்டிய நோக்கம், அறிவு போன்ற மனநிலையை. நல்ல எண்ணத்தோடு திருடியவருக்கும் அது இருக்கக்கூடும்.

இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை 1999இல் மாறியபோது வழக்குத் தொடுப்பவரான ‘பிளெயின்டிஃப்’ ‘கிளெய்மன்ட்’ ஆனார், சாட்சியை அழைக்கும் ஆணையான ‘சப்பீனா’வும் ‘விட்னஸ் சம்மன்ஸ்’ ஆனது. வழக்கொழிந்த சொல்லின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தால் போதும்; அது இல்லாததால் ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொரு அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது.